ஜாதுகரில் பிறந்த விலங்குகள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அந்தக் காலச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. கொல்கத்தாவின் சௌரங்கிச் சாலையில் நிற்கும் இந்திய அருங்காட்சியகத்தை வங்காளிகள் ‘ஜாதுகர்’ என்கிறார்கள். மாயவீடு என்று பொருள். சென்னை கண்ணாடிப் பெட்டிக்குள் பிணத்தைப் பார்த்தது, கொல்கத்தா மாயத்தைப் பார்த்தது. இரண்டு நகரங்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வங்காள இலக்கியத்தின் ஒரு கிளையைப் புரிந்துகொள்ள இந்த ‘ஜாதுகர்’ என்ற சொல் நல்ல திறவுகோல். இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் கொல்கத்தாவில் ஒரு புதுவகை விலங்குக் கூட்டம் திடீரென்று கண்டுபிடிக்கப்பட்டது. அவை எந்தக் காட்டிலும் வாழவில்லை. சிறுவர் பத்திரிகை ஒன்றின் பக்கங்களில் வாழ்ந்தன. அவற்றுக்குப் பெயர் இருந்தது, தோற்றம் இருந்தது, உணவுப் பழக்கமும் முகபாவமும் இருந்தன. பாட்டி கதைகளில் வரும் ராட்சசர்களின் வாரிசுகள் என்றும், ஆங்கில நகைச்சுவையின் வங்காளப் பதிப்பு என்றும் இவற்றைச் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மைதான். இவை பிறந்த இடம் ஜாதுகர். அறிவியல் ஒரு விலங்குக்குப் பெயர் சூட்டி, அளந்து, வகைப்படுத்தும் அந்தப் பட்டறையிலிருந்துதான் இவை வெளியே வந்தன.

பட்டறை பழையது. 1814-இல் ஆசியாட்டிக் சொசைட்டியின் கட்டடத்தில், டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் நதானியேல் வாலிச்சின் முயற்சியில் இந்த அருங்காட்சியகம் தொடங்கியது. சௌரங்கி மாளிகை திறந்தது 1878-இல். இடைப்பட்ட காலத்தில் வட இந்தியாவின் சிவாலிக் குன்றுகளிலிருந்து எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. எடுத்தவர்களில் ஒருவர் ஹ்யூ ஃபால்கனர், சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர். இன்னொருவர் பிராபி காட்லி, கால்வாய் வெட்டும் பொறியாளர். இருவரும் சேர்ந்து 1836-இல் கொல்கத்தாவின் ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் ஒரு விலங்கை அறிவித்தார்கள்: சிவதேரியம். முன்பாதி நம்முடைய சிவன். பின்பாதி விலங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். யானை அளவு உடல், நான்கு கொம்புகள். மூக்கெலும்பு மேலே தூக்கி நிற்பதைப் பார்த்து இதற்குத் துதிக்கை இருந்திருக்க வேண்டும் என்றும், அசைபோடும் விலங்குக்கும் யானை இனத்துக்கும் இடையே இது பாலம் போன்றது என்றும் அவர்கள் கருதினார்கள். இன்றைய தொல்லுயிரியல் அந்தத் துதிக்கையை வெட்டி எறிந்துவிட்டது. சிவதேரியம் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பம். ஆனால் துதிக்கையும் நான்கு கொம்பும் கொண்டு அசைபோடும் ஒரு மாடு, மிகுந்த பொறுப்போடு, ஓர் அறிவியல் இதழில் சில காலம் நடமாடியது. பிறகு அதே ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தில் பிரமதேரியம் வந்தது (1845, ஃபால்கனர்), விஷ்ணுதேரியம் வந்தது (1876, கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் லைடெக்கர்). நாற்பது ஆண்டில் மும்மூர்த்திகளும் ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்து மிருகங்களுக்குப் பெயர் தந்து முடித்தார்கள்.

இங்கே சற்று வெளியே போய் டிராகனைப் பார்த்துவிட்டு வர வேண்டும். 1735-இல் கார்ல் லின்னேயஸ் தம் முதல் வகைப்பாட்டு நூலை வெளியிட்டபோது, உயிரினங்களின் வரிசைக்குப் பின்னால் ‘முரண்பட்டவை’ என்று ஒரு மூலை ஒதுக்கி, டிராகன், பீனிக்ஸ், ஒற்றைக்கொம்புக் குதிரை முதலியவற்றை அங்கே உட்கார வைத்தார். அதே ஆண்டு ஹாம்பர்க் நகரில் பெருமையாகக் காட்டப்பட்ட ஏழுதலை நாகத்தைப் பார்த்த அவர், மரநாயின் தாடைகளையும் கால்களையும் பாம்புத்தோலோடு ஒட்டிச் செய்த வேலை அது என்று அம்பலப்படுத்தினார். பிந்தைய பதிப்புகளில் அந்த மூலையே காணாமல் போனது. டிராகனுக்கு நேர்ந்தது சுவாரசியமானது: 1758-இல் அதன் பெயரை எடுத்து, மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் ஓர் ஓணானுக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பறக்கும் ஓணானும் ‘டிராகோ’ என்ற அந்தப் பேரினம்தான். அறிவியல் மாய விலங்கை வெளியேற்றியது. அதற்காகத் தயாரித்த படிவத்தைக் கிழிக்கவில்லை. பெயர், வாழிடம், உணவு, பருமன், கண்டவர், கண்ட நாள் என்று கட்டங்கள் அப்படியே இருந்தன. யாராவது வேடிக்கைக்காரர் வந்து அதை நிரப்பினால் போதும்.

நிரப்பியவர் சுகுமார் ராய். அவர் வளர்ந்த வீட்டைத் தெரிந்துகொள்ளாமல் இதைத் தற்செயல் என்று எண்ணிவிடக்கூடும். தந்தை உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, ஓவியர், வயலின் வாசிப்பவர், ஹாஃப்டோன் அச்சுமுறையில் ஆராய்ச்சி செய்து லண்டன் தொழில் இதழ்களில் கட்டுரை எழுதியவர். தொல்காலத்துப் பிராணிகளைப் பற்றிச் சிறுவர்களுக்காக ‘சேகாலேர் கதா’ என்ற நூலையும் 1903-இல் கொண்டு வந்தார். 1913-இல் ‘சந்தேஷ்’ பத்திரிகையைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் செய்தி, பால் இனிப்பும் அதுவே, இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் மொழியில்தான் இப்படி ஒரு பத்திரிகைத் தலைப்பு வாய்க்கும். 1887-இல் பிறந்த சுகுமார், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ் முடித்து, 1911-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து போய் லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை படித்தார். தந்தை 1915-இல் மறைந்ததும் நூறாம் எண் கர்பார் சாலை வீட்டில் அச்சகமும் பத்திரிகையும் அவர் தலையில் விழுந்தன. பத்திரிகைக்கு மாதந்தோறும் வேடிக்கைப் பாட்டும் வேண்டும், பொது அறிவுக் கட்டுரையும் வேண்டும். இரண்டையும் ஒரே கை எழுதியது. அழிந்துபோன பிராணிகளைப் பற்றி உண்மைக் கட்டுரை எழுதிய அதே பேனா, இல்லாத பிராணிகளைப் பற்றியும் எழுதியது. மைக்கூடு ஒன்றுதான்.

1915-இல் ‘சந்தேஷி’ல் வந்த ‘கிச்சடி’ என்ற பாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு விலங்குகளை ஒட்டி ஒரு விலங்கு செய்வது உலகம் முழுக்க உள்ள பழக்கம். சுகுமார் ஒட்டிய இடத்தைக் கவனிக்க வேண்டும். கொக்குக்கு வங்காளியில் ‘பக்’, ஆமைக்கு ‘கச்சப்’. இரண்டும் ‘க’ என்ற ஒலியில் சந்திக்க, பகச்சப் பிறக்கிறது. யானை ‘ஹாத்தி’, திமிங்கிலம் ‘திமி’. நடுவில் ‘தி’ பொது, ஆகவே ஹாத்திமி. ‘சிங்ஹ’மும் ‘ஹரிண’மும் ‘ஹ’வில் ஒட்டிச் சிங்ஹரிண். ஜிராஃப், ஃபடிங் என்ற வெட்டுக்கிளியோடு ‘ஃப’வில் கைகோக்கிறது. கழுத்தை வாலோடு தைக்கிற வேலை இல்லை இது. ஒரு சொல்லின் கடைசி எலும்பு அடுத்த சொல்லின் முதல் எலும்பாகவும் இருக்கிற மூட்டு வேலை. தமிழில் முயன்று பார்த்தால் விளங்கும்: எருமையும் மைனாவும் சேர்ந்தால் எருமைனா. ‘மை’ இரண்டுக்கும் பொது என்பதால், எங்கே எருமை முடிகிறது, எங்கே மைனா தொடங்குகிறது என்று யாராலும் கோடு போட முடியாது. தன் பாட்டிலேயே சுகுமார் இலக்கணத்தை நான் ஏற்பதில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார். உண்மையில் அவர் செய்தது இலக்கணக்காரன் வேலையேதான், நம் புணர்ச்சி விதி போலக் கறாரானது. சிவதேரியத்தைச் செய்தவர்கள் சிவனையும் கிரேக்கத்தையும் இவ்வளவு நயமாகக் கோக்கவில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

பெயரோடு நின்றிருந்தால் சொல் விளையாட்டு என்று விட்டுவிடலாம். அடுத்த அடி பழக்கவழக்கம். அவருடைய ‘ஆபோல் தாபோல்’ தொகுப்பில் ‘ட்யாங்ஷ் கொரு’ என்று ஒரு பிராணி வருகிறது. ‘கொரு’ என்றால் மாடு. பாட்டு எடுத்த எடுப்பில் வகைப்பாட்டைத் திருத்துகிறது: இது மாடு இல்லை, பறவை. அடுத்து வாழிடம்: ஹாரு என்பவரின் அலுவலகத்தில் காணலாம். பின்பு தோற்றம், உடல்நிலை. உணவு: சோப்புக் கரைத்த சூப்பும் மெழுகுவத்தியும், வேறு எதுவும் ஆகாது. வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம் என்று விலைபேசும் தொனியில் முடிகிறது. ஒரு விலங்கியல் அறிக்கையில் எந்த வரிசையில் தகவல் வர வேண்டுமோ அந்த வரிசை பிசகவில்லை. உள்ளே இருக்கும் தகவல்தான் கிறுக்கு. கட்டம் நேராக இருப்பதால்தான் அதற்குள் நிற்கும் கோணல் சிரிப்பு மூட்டுகிறது. அதே நூலில் ராம்கருடனின் குஞ்சுகளுக்குச் சிரிக்கத் தடை, இரண்டு வால் கொண்ட ஒரு பிராணிக்கு ஈயை எந்த வாலால் அடிப்பது என்று தீராத கவலை.

இந்தப் போக்கின் உச்சம், 1922 என்று தேதியிட்ட ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’. தொல்விலங்குகளைப் பற்றி ‘சந்தேஷ்’ கட்டுரைகள் போட்டும் தன்னைப் பற்றி ஒரு வரி போடவில்லையே என்று பேராசிரியர் ஹுஷியார் கோபித்துக்கொண்டதாகப் பத்திரிகை ஆசிரியர் முன்னுரை எழுதுகிறார்; அதாவது உண்மைக் கட்டுரைக்கு எதிர்வினையாகவே பொய் நாட்குறிப்பு அரங்கேறுகிறது. பேராசிரியர் காரகோரம் பக்கம் பரிவாரத்தோடு போகிறார், விலங்குகளைக் காண்கிறார், அங்கேயே பெயர் வைக்கிறார். சாப்பாட்டைக் கண்டு நாக்கைத் தொங்கப் போடுவது ஹ்யாங்லாதேரியம். ‘கோம்ரா’ என்றால் உம்மணாமூஞ்சி. உலகமே பிடிக்காதது போல முகத்தை வைத்திருப்பது கோம்ராதேரியம். கத்திக்கொண்டே இருப்பது சில்லானோசோரஸ். பாவப்பட்டது பேச்சாராதேரியம். தொளதொளவென்று ஆடி வரும் பறவை ல்யாக்பேகார்னிஸ். தேரியம், சோரஸ், ஆர்னிஸ் மூன்றும் அசல் அறிவியல் விகுதிகள்; பாலூட்டிக்கு ஒன்று, ஊர்வனவற்றுக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று என்று சரியான இடத்தில் விழுந்திருக்கின்றன. ஃபால்கனர் தெய்வத்தின் பெயரை வைத்தார். சுகுமார் குணத்தின் பெயரை வைத்தார். செத்த எலும்பிலிருந்து விலங்கின் மூஞ்சி எப்படி இருந்தது என்று தெரியாது. ஹுஷியாரோ மூஞ்சியைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார். ஜாதுகரின் கண்ணாடிப் பெட்டியால் சொல்ல முடியாத ஒன்றை அவர் படிவத்தில் எழுதுகிறார்.

இதெல்லாம் கானன் டாயில் என்று ஒரு மறுப்பு உடனே எழும். நியாயம்தான். ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ தொடர்கதையாக வந்தது 1912-இல், சுகுமார் இங்கிலாந்தில் இருந்த நாட்களில். முன்கோபிப் பேராசிரியர், தொலைதூரப் பீடபூமி, பல்லி மிருகங்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவை. சொற்களை ஒட்டும் வித்தைக்கும் லூயிஸ் கரோல் முன்னோடி. கடன் உண்டு. ஆனால் கடன் வாங்கியது கதைச் சட்டத்தை. சரக்கு உள்ளூர்ச் சரக்கு. டாயிலின் பேராசிரியர் சாலஞ்சர் காண்பவை ஐரோப்பிய அறிவியல் ஏற்கெனவே பெயர் வைத்த பிராணிகள்: இகுவானோடான், டெரோடாக்டில். அங்கே சாகசம் பழைய பெயருக்கு உயிரோடு ஓர் உருவம் கிடைப்பதில் இருக்கிறது. ஹுஷியாரின் சாகசம் பெயர் வைப்பதில் மட்டும் இருக்கிறது. இந்திய மொழிச் சொல்லோடு கிரேக்க விகுதியைச் சேர்த்துப் பெயர் வைக்கும் வழக்கமோ லண்டன் தொடர்கதையில் கிடைப்பதில்லை. எண்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தா இதழில் அச்சான வழக்கம் அது.

இரண்டாவது மறுப்பு தமிழ் வாசகரிடமிருந்து வரும், அதை எளிதில் தள்ள முடியாது. யாளி நம் கோயில் தூண் எங்கும் நிற்கிறது. திருபுவனத்தில் சரபருக்குத் தனிச் சந்நிதி உண்டு. பழக்கவழக்கம்தான் புதுமை என்றால், சங்கப் பாட்டில் வரும் அசுணம் இனிய இசைக்கு மயங்கும், பறை ஓசை கேட்டால் உயிர்விடும். அன்னம் நீரை நீக்கிப் பாலை அருந்தும். வங்காளத்திலும் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த ‘டாகுர்மார் ஜூலி’ 1907-இலேயே ராட்சசர்களைக் கொண்டு வந்துவிட்டது. அப்படியிருக்க ஜாதுகர் எதற்கு? அசுணத்தின் அந்தப் பழக்கம் அசுணத்துக்காகச் சொல்லப்பட்டதில்லை என்பதே என் பதில். காதலனின் உறவு முதலில் இனித்துப் பின்னர் கொன்றது என்று சொல்ல ஓர் உவமை தேவைப்பட்டது. அசுணம் அந்த வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அது மற்ற நேரத்தில் என்ன தின்றது, எங்கே தூங்கியது என்று எந்தப் புலவரும் கவலைப்படவில்லை. யாளி காவல் நிற்கிறது, சரபம் நரசிம்மத்தை அடக்குகிறது, ராட்சசி இளவரசனை விழுங்கப் பார்க்கிறாள்; எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. ட்யாங்ஷ் கொருவுக்கு ஒரு வேலையும் இல்லை. எதற்கும் உவமையாகாமல், யாருக்கும் காவல் நிற்காமல், மெழுகுவத்தி தின்றுகொண்டு சும்மா இருக்கிறது. ஒரு விலங்கு எதற்கும் அடையாளமாக இல்லாமல் தனக்காகவே கவனிக்கப்படுவது இயற்கை வரலாறு வந்த பிறகு நிலைபெற்ற மனப்பழக்கம். எல்லை அவ்வளவு துல்லியமானது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சிவாலிக்கில் பேராமை ஒன்றின் எலும்பைக் கண்ட ஃபால்கனரே, உலகைத் தாங்கும் ஆமை பற்றிய புராணத்துக்கும் இதற்கும் தொடர்பிருக்குமோ என்று யோசித்திருக்கிறார்.

இன்னொரு வாசிப்பு இப்போது செல்வாக்கானது. வெள்ளைக்காரனின் அறிவியலை அடிமை நாட்டான் கேலி செய்தான், ஹ்யாங்லாதேரியம் ஒரு சுதேசிக் கல்லெறி என்பது அது. ‘ட்யாங்ஷ்’ ஆங்கிலோ-இந்தியர்களைக் குறிக்கும் கொச்சைச் சொல் என்பதும், அந்தப் பறவை அலுவலகத்தில் வாழ்வதும் இதற்குத் துணை நிற்கும். கேலி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எறிந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்க வேண்டும். 1922-இல் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் ஃபெலோவாகத் தேர்வானவர், அறிவியலை மாதந்தோறும் பிள்ளைகளுக்கு விளக்கியவர், அறிவியல் பொய் என்று சொல்லவில்லை. பெயர் வைத்ததாலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கும் அசட்டுத்தனத்தைக் கண்டு அவர் சிரித்தார். அந்த அசட்டுத்தனத்துக்குத் தோல் நிறம் கிடையாது. ஹுஷியார் முழு வங்காளி.

நாட்குறிப்பின் முடிவில் புயல் வந்து, சேகரித்த சான்றுகளை எல்லாம் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது பேராசிரியரின் சொல் மட்டும். இதைச் சிறுவர் கதைச் சமாளிப்பு என்று நினைப்பவர்கள் அரியலூர்ப் பக்கம் கல்லமேடு வரை வந்து பார்க்கலாம். அங்கே கிடைத்த இடுப்பு, கால் எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்ற டைனோசரை அறிவித்தார்கள். ‘பிருஹத் காயம்’, பேருடல். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். முதலில் இது ஊன் உண்ணி என்றார்கள், பிறகு தழை உண்ணி என்றார்கள். எலும்பா, கல்லாகிப் போன மரமா என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். இதற்கிடையே அந்த எலும்புகள் பொடிந்து இல்லாமலே போயின. இப்போது மிஞ்சியிருப்பவை விவரிப்பும் படங்களும். உலகத்தின் மிகப் பெரிய நில விலங்காக இருக்கக்கூடிய ஒன்று, ஹுஷியாரின் கோம்ராதேரியத்தைப் போலவே, தாளில் நிற்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம். ஆனால் தாளை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது என்பதைத்தான் சுகுமார் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

அவர் 1923 செப்டம்பர் 10-ஆம் தேதி காலா அசார் காய்ச்சலில் இறந்தார், முப்பத்தாறு நிறையவில்லை. அந்த நோய்க்கான யூரியா ஸ்டிபமின் மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கியதும் இதே கொல்கத்தாவில்தான், அதே ஆண்டுகளில்தான். ‘ஆபோல் தாபோல்’ புத்தகமாக வந்தபோது சுகுமார் இறந்து ஒன்பது நாள். மகன் சத்யஜித்துக்கு வயது இரண்டு. 1961-இல் ‘சந்தேஷ்’ மீண்டும் உயிர்பெற்றபோது அந்த மகன் அதில் எழுதிய பேராசிரியர் ஷோங்குவின் நாட்குறிப்பு, ஹுஷியாரின் நேர் வாரிசு. ஆனால் வேறொரு வாரிசும் உண்டு. சுகுமாரின் நண்பர் வட்டமான மண்டே கிளப்பில் ஓர் இளைஞர் இருந்தார். 1921-இல் பிரம்ம சமாஜத்தின் பெரியவர்களோடு ரவீந்திரநாத் தாகூருக்காக மல்லுக்கட்டியபோது உடன் நின்றவரும் அவரே. பெயர் பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ். 1931-இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் பின்னர் பாரநகரில் வளர்ந்தது. ஐம்பதுகளின் இறுதியில், புள்ளியியலுக்குச் சம்பந்தமில்லாதது போல, அங்கே ஒரு புவியியல் பிரிவும் முளைத்தது. அந்தப் பிரிவினர் கோதாவரிப் படுகையில் போச்சம்பள்ளி என்ற ஊர் அருகே சுமார் 300 எலும்புகளைத் தோண்டினார்கள். தொடை எலும்பு மட்டும் ஓர் ஆள் உயரம். வங்காளியில் ‘பட’ பெரியது, ‘பா’ கால். தோண்டியது ரவீந்திரநாத்தின் நூற்றாண்டையொட்டி. 1975-இல் அதிகாரப்பூர்வமாக அறிவித்த பெயர் பாராபாசாரஸ் டாகோராய்: ‘தாகூரின் பெருங்காற்பல்லி’. வங்காளக் கொச்சையும் கிரேக்க விகுதியும் சேர்ந்த அந்தப் பெயரை ஹுஷியாரின் நாட்குறிப்பில் செருகிவிட்டால் வேற்றுமை தெரியாது. (பின்னாளில் இன்னொரு டைனோசருக்கு அந்தக் கழகத்தின் ஆங்கில எழுத்துகளையே எடுத்து இசிசாரஸ் என்று வைத்தார்கள்; புள்ளியியல் நிறுவனத்தின் பெயரில் நடமாடும் பிராணி உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை.)

1977 முதல் பாராபாசாரஸ் பாரநகரில் எலும்புக்கூடாக நிற்கிறது. கிடைத்தவை ஒரே விலங்கின் எலும்புகளும் இல்லை. குறைந்தது ஆறு உடல்களின் எலும்புகள் கலந்து கிடந்தன. ஒன்றின் காலோடு இன்னொன்றின் முதுகைப் பொருத்தித்தான் ஓர் உருவம் நிறுத்த முடிந்தது. மண்டையோடு கிடைக்கவில்லை. சில பற்கள் மட்டும் கிடைத்தன, இலைகளைக் கடிக்கத் தோதாகக் கரண்டி போன்ற வடிவில். தின்றது என்ன என்று அவை சொல்லிவிடுகின்றன. கோம்ராவா, பேச்சாராவா என்று சொல்ல முகம் இல்லை.